நன்றி சொல்லப் போன ஊர்வலம்

நான் வேலை பார்ப்பது நிலாவரை இலை ஏற்றுமதி செய்யும் கம்பெனியில். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: நிலாவரை பேதிக்குக் கொடுக்கும் இலை. தூத்துக்குடி ஹார்பரிலிருந்து மூட்டை மூட்டையாக அது ஐரோப்பாவுக்குப் போகிறது. அங்கே வெள்ளைக்காரர்கள் ரொட்டியையும் இறைச்சியையும் வயிறு முட்டத் தின்றுவிட்டு, மறுநாள் காலையில் எங்களை நன்றியோடு நினைத்துக்கொள்கிறார்கள். இந்த உன்னதமான சேவையில் எங்களுக்கு உலகத்திலேயே ஒரே ஒரு போட்டி, எகிப்தின் அலெக்சாந்திரியா துறைமுகத்திலிருந்து போகும் இலை. அதற்கு எங்கள் இலையைவிடப் பெயர் அதிகம்.

எமர்ஜென்சியின் இரண்டாவது பொங்கல் நெருங்கிய சமயம், முதலாளி அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு அலெக்சாந்திரியா போகச் சொன்னார். நாசரேத்து வாத்தியார் மகன், இங்கிலீஷ் பேசுவான் என்பதுதான் என் தகுதி. அங்குள்ள தரகர் ஒருவரிடம் வியாபாரம் பேசுவதாகப் பேர். உண்மையான வேலை, அவர்கள் இலையை எப்படிச் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள் என்று வேவு பார்ப்பது. “பாக்க மாதிரி பாக்காத, கேட்டியா?” என்று அண்ணாச்சி சொல்லி அனுப்பினார்.

அக்காவின் உத்தரவு வேறு. என் அத்தான் சேவியர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், யூனியன்காரர். ஹார்பர் வாசலில் ஒரு மரப்பெட்டிமேல் ஏறி நின்று போனஸ் பற்றி நாலு வார்த்தை பேசினார். ஐந்தாவது வார்த்தையைப் பாளையங்கோட்டை ஜெயிலில் போய்த்தான் பேச வேண்டியிருந்தது. வாராவாரம் அக்கா சோற்றுத் தூக்கோடு பஸ் ஏறுவாள். பஸ் வழியிலுள்ள புதுக்கோட்டைக் கிராமத்தைத் தாண்டுவதற்குள் அழுது முடித்துவிடுவாள், அத்தான் முன்னால் அழக்கூடாதாம். அவள் என் பெட்டியில் இரண்டு டப்பா முந்திரி மக்ரூனை அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

“ஏலே, அங்கன போயி எங்கயாவது கூட்டத்தக் கண்டா எட்டிப் பாக்காத. வீட்டுல ஒருத்தர் உள்ள இருக்கது போதும்.”

இந்த இடத்தில் எங்கள் கல்யாண வீட்டுச் சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டும். அத்தானின் அப்பா முத்துக்குளித்தவர். குளிப்புக்கு இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றைப் படகில் நின்று பிடிக்கிற ஆள் அவனுடைய மச்சினனாகத்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் கடற்கரை வழக்கம். அண்ணன் தம்பி அசட்டையாக இருந்துவிடலாம், பங்காளி வேண்டுமென்றே விட்டுவிடலாம். மனைவியின் உடன்பிறந்தவன் விடமாட்டான். கயிற்றின் மறுமுனையில் இருப்பது அவன் அக்காவின் தாலி. அக்கா கல்யாணத்தன்று அந்தக் கிழவர் என் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். பேனா தவிர எதையும் தூக்காத கை. “இவனா எம்மவனுக்குக் கயிறு பிடிக்கப் போறான்?” என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். கிரேன் ஓட்டுகிறவருக்குக் கயிறு எதற்கு என்று அன்றைக்கு எனக்கு ஒரே எரிச்சல்.

அலெக்சாந்திரியா கடல் நம்ம கடல் மாதிரி சாந்தமான பிறவி இல்லை. ஜனவரி மழையில் ரோட்டுக்கே ஏறி வந்து ஆளை நனைக்கிறது. அப்பாவின் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு நடுங்கியபடி இறங்கினேன். தரகர் ஹனஃபி என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். நாசரேத்தில் கல்யாணமான ஆண்பிள்ளைகளுக்குக்கூட அவ்வளவு கிடைக்காது.

காலைப் பலகாரம், குழைய வேகவைத்த ஒரு பயறு. மொச்சையின் அரபு தேசத்துச் சித்தப்பா என்று வையுங்கள். கூடவே நம்ம பருப்பு வடையின் சாயலில் பச்சை நிற வடை. பிய்த்துத் தொட்டுத் தின்ன, தட்டையான ரொட்டி. ரொட்டிக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல்லுக்கு உயிர் வாழ்தல் என்றும் பொருளாம். சும்மா வாய் அலங்காரம் என்று நினைத்துத் தலையாட்டி வைத்தேன்.

ஹனஃபி என்னை நேரே சரக்குக் கிட்டங்கிக்குக் கூட்டிப்போனார். நான் பார்க்காத மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். அவர் சிரித்துவிட்டு, “நன்றாகவே பாருங்கள். பார்த்து முடித்ததும் நீங்கள் எப்படிக் காயப்போடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். அதைக் கேட்கத்தான் உங்களை வரச் சொன்னேன்” என்றார். எங்களைப் போலவே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டு காம்பு பொறுக்கினார்கள். எங்களைப் போலவே சல்லடை, தூசி, தும்மல். உப்பளங்கள் நிறைந்த ஆறுமுகநேரிக்கு உப்பு வாங்கிக்கொண்டு போன கதையாக, வேவு வேலை முதல் நாள் மத்தியானமே முடிந்துபோயிற்று.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் விருந்து. ஹனஃபியின் மனைவியை மகன் பெயரால் உம்மு கமால், அதாவது கமாலின் அம்மா, என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். மகன் கமால் இஞ்சினியரிங் படிக்கிறான், துணிச்சலான முழி, என்னைவிட நல்ல இங்கிலீஷ். தேநீர் கண்ணாடித் தம்ளரில் வந்தது. பாதி தம்ளர் தேநீர், மீதி சீனி. அந்த அம்மாள் தன் தம்ளரில் மேலும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டாள். மக்ரூன் டப்பாவைத் திறந்ததும் வாயில் போட்டுப் பார்த்து, இதில் சீனி குறைவு என்று வருத்தப்பட்டாள்.

சுவரில் ஒரு பெரிய குடும்பப் படம். அதன் ஒரு ஓரத்தில், ஒரு ஆளின் முகத்தை மட்டும் மறைத்துக் காலண்டர் தொங்கியது. அது யார் என்று கேட்டேன். ஹனஃபிக்குக் காது கேட்கவில்லை. கமால்தான் தாழ்ந்த குரலில் விளக்கினான். அது அவனுடைய தாய்மாமன், கோர்ட்டில் தலைமை குமாஸ்தா. தன் மகளைக் கமாலுக்குக் கட்டிவைக்கக் கேட்டாராம். பையன் முதலில் படித்து முடிக்கட்டும் என்று ஹனஃபி சொன்ன தோரணையில் சண்டை மூண்டு, பேச்சுவார்த்தை நின்று, படத்துக்கும் காலண்டர் வந்துவிட்டது. அட, திருநெல்வேலி ஜில்லாவை விட்டு நான் எங்கேயும் போகவில்லை என்று அப்போதுதான் நிம்மதியாக இருந்தது.

மறுநாள் காலை லாட்ஜிலிருந்து கிளம்பி டிராமுக்கு நின்றேன், வரவில்லை. முந்தின நாள் ரொட்டி, அரிசி, சீனி, தேயிலை, சமையல் கேஸ் எல்லாவற்றின் விலையையும் அரசாங்கம் ஏற்றிவிட்டது என்று லாட்ஜ்க்காரன் புலம்பியிருந்தான். டிராமுக்குப் பதிலாகக் கப்பல் கட்டும் தளத்துப் பக்கமிருந்து ஒரு ஊர்வலம் வந்தது. நீலச் சட்டைத் தொழிலாளிகள், பின்னால் காலேஜ் பையன்கள், அதற்குப் பின்னால் யார் யாரோ.

இங்கேதான் நான் ஒரு தப்புக் கணக்குப் போட்டேன். எமர்ஜென்சி இந்தியாவிலிருந்து போனவன் மட்டுமே போடக்கூடிய கணக்கு அது. எங்கள் ஊரில் ஒன்றரை வருஷமாக எதிர்ப்பு ஊர்வலம் என்ற ஒன்றையே நாங்கள் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் நன்றி ஊர்வலம். சம்பளத்தைப் பிடித்தாலும் நன்றி, போனஸைக் குறைத்தாலும் நன்றி. லாரியில் ஆள் வரும், எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலம் வரும், கோஷம் வரும், லாரி போகும். ஆகவே விலை ஏறிய மறுநாள் காலையில் இத்தனை பேர் தெருவில் வந்தால் நான் என்ன நினைப்பேன்? விலையை ஏற்றியதற்கு நன்றி தெரிவிக்கிறார்கள் என்றே நினைத்தேன். லாரி ஒன்றையும் காணோமே, நடத்தியே கூட்டி வந்துவிட்டார்களே, கெட்டிக்காரர்கள் என்று வியக்கவும் செய்தேன்.

ஊர்வலம் ஹனஃபியின் கிட்டங்கிப் பக்கம்தான் போனது. அக்கா சொன்னது எட்டிப் பார்க்காதே என்று. ஆனால் அரசாங்கத்துக்கு ஆதரவான கூட்டத்தில் நடந்ததற்காக யாரும் உள்ளே போனதில்லை. சேர்ந்துகொண்டேன். சும்மா நடந்தால் மரியாதை இல்லையே என்று கையையும் தூக்கினேன். கோஷம் நல்ல தாளக்கட்டோடு இருந்தது, இரண்டு தெரு தாண்டுவதற்குள் எனக்கு மனப்பாடம். பக்கத்தில் நடந்த தாடிக்காரர் என் உச்சரிப்பைத் திருத்தி முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். வெளிநாட்டுக்காரன் இவ்வளவு உணர்ச்சிவசப்படுகிறானே என்று பால்கனிகளில் பெண்கள் கைதட்டினார்கள்.

ஒரு முக்கில் கமால் என்னைப் பார்த்துவிட்டான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து, நீங்கள் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டான்.

“உங்கள் அரசாங்கத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்” என்றேன்.

அவன் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. நான் கத்திக்கொண்டிருந்த கோஷத்தை அங்கேயே நின்று மொழிபெயர்த்தான். அதன் சாரம், மந்திரிமார் எல்லோரும் திருடர்கள் என்பது. தூக்கிய கையைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துக் கண்ணீர்ப்புகைக் குண்டு வந்து விழுந்தது. அத்தான் ஒருமுறை சொல்லியிருக்கிறார், கண்ணில் மிளகாய்ப் பொடி தூவினமாதிரி இருக்கும் என்று. ரொம்பக் குறைத்துச் சொல்லியிருக்கிறார். கமால் என் கையைப் பிடித்துச் சந்து சந்தாக இழுத்துக்கொண்டு ஓடினான். ஒரு செருப்பு எகிப்துக்கே சொந்தமாகிவிட்டது. அவன் வீட்டு வாசலில் என்னை உள்ளே தள்ளிவிட்டு, அம்மா கூப்பிடக் கூப்பிட, திரும்பி அந்தக் கூட்டத்துக்கே போய்விட்டான்.

அன்று இருட்டியபின் வந்து சேர்ந்தான். அதுவரை ஹனஃபி ஜன்னலுக்கும் ரேடியோவுக்கும் நடந்துகொண்டிருந்தார். லண்டன் ரேடியோ முதலில் எகிப்தைப் பற்றிச் சொன்னது, அடுத்தபடியாக இந்தியாவைப் பற்றி. எங்கள் பிரதமர் தேர்தல் அறிவித்துவிட்டாராம், ஜெயிலில் போட்ட கட்சிக்காரர்களை, அப்படியென்றால் அத்தானையும், வெளியே விடப்போகிறார்களாம். அதே அறையில் ஒரு அப்பா மகனுக்காகப் பதறிக்கொண்டிருக்க, என் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வந்தது. புகைக்குண்டு இன்னும் எரிகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

அடுத்த நாளும் ஊர் எரிந்தது. மத்தியானம் ரேடியோவில் ஒரு குரல் விலையேற்றம் எல்லாம் ரத்து என்று வாசித்தது. தெருவில் கார் ஹாரன், குலவைச் சத்தம். சாயங்காலத்திலிருந்து ஊரடங்கு, ராணுவம். லாட்ஜுக்குத் திரும்ப முடியாமல் நான் அங்கேயே தங்கிவிட்டேன். உம்மு கமால் பழைய விலைச் சீனியைத் தாராளமாகப் போட்டு அத்தனை பேருக்கும் தேநீர் கொடுத்தாள். கமால் தம்ளரைத் தூக்கிப் பிடித்து, “ஜெயித்துவிட்டோம். நீங்களும்தான்” என்றான். யோசித்துப் பார்த்தேன். அத்தான் வாழ்நாள் முழுக்க ஊர்வலம் போய் ஒரு வெங்காயத்தின் விலையைக்கூட இறக்கியதில்லை. நான் ஒரே ஒரு காலை நேரத்தில், அதுவும் தெரியாமல், ஒரு தேசத்தின் அரிசி, சீனி, தேயிலை எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். ஊருக்குப் போய் இதைச் சொல்ல வேண்டும் என்று நாக்கு அரித்தது.

மறுநாள் காலை, ரொட்டியைப் பிய்க்கும்போது போலீஸ் வந்தது. கமாலை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அவன் கையிலிருந்த ரொட்டித் துண்டை உம்மு கமால் வாங்கி வைத்துக்கொண்டாள், வந்து சாப்பிடுவான் என்கிற மாதிரி. அதிகாரி ஒரு பருத்த ஆள், ஜீப்பிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து முகம் ஊதிக் கிடந்தது. என் பையைக் கவிழ்த்தார். மாதிரிக்கு நான் கொண்டுவந்திருந்த இலைப் பொட்டலம் விழுந்தது. கஞ்சாவோ என்று முகர்ந்து பார்த்தவர் முகம் மலர்ந்தது. அவர் வீட்டில் சின்ன வயதில் இதைத்தான் கொடுப்பார்களாம். இந்தக் கலவரத்தில் சரியாக வெளிக்குப் போய் எத்தனையோ நாளாகிறது என்று ஹனஃபி வழியாகச் சொல்லி, எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டார்.

எங்கள் தொழிலில் ஒரு ஆளுக்கு ஒரு சிட்டிகை. நான் தாராளமாகக் கைப்பிடி காட்டினேன். அதற்கு மேலும் போடலாமா என்று கேட்டார். உங்கள் உடம்புக்குப் போடலாம் என்றேன். பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பையனையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து உம்மு கமாலின் தம்ளரில் சீனி இல்லை. மகன் திரும்புகிறவரை வெறும் தேநீர்தான் என்று சொல்லிவிட்டாள். தெருக்கோடிக் கடையில் சீனி பழைய விலைக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. சீனியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், பிள்ளையைக் கொடுக்கவில்லை.

ஹனஃபி தனக்குத் தெரிந்த பெரிய மனிதர்களையெல்லாம் பார்க்கப் போனார். வியாபாரிகள் சங்கத்துத் தலைவருக்குத் திடீரென்று ஜலதோஷம். ஆளும் கட்சியின் வட்டப் பிரமுகர் ஊரில் இல்லை. ஆனால் அவர் இருமும் சத்தம் உள்ளே கேட்டதாம். சொந்த அண்ணன், கொஞ்ச நாளைக்கு என் வீட்டுக்கு வராதே என்று கதவிடுக்கிலேயே சொல்லி அனுப்பினார். ஊரில் அத்தானைப் பிடித்தபோது நாங்கள் ஏறி இறங்கிய வாசல்களும் இப்படித்தான் இருந்தன. பெரிய மனிதர்களுக்கு ஜலதோஷம் பிடிப்பதில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் இல்லை.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள், சீனி இல்லாத தேநீரைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். என்ன பேசுவது என்று தெரியாமல் எங்கள் ஊர் முத்துக்குளிப்பைப் பற்றி ஆரம்பித்தேன். கயிறு பிடிக்கிற வழக்கத்தையும், கல்யாண வீட்டில் நான் பட்ட அவமானத்தையும் சொன்னேன். சிரிப்பார்கள் என்று பார்த்தேன். ஹனஃபி சிரிக்கவில்லை. நான் என்ன சொல்கிறேன் என்று உம்மு கமால் கேட்டாள். அவர் ஒன்றுமில்லை என்றார். அவள் மறுபடி கேட்டாள். வேண்டாவெறுப்பாக மொழிபெயர்த்தார்.

அவள் எழுந்தாள். சுவரருகே போய்க் காலண்டரைக் கழற்றிக் கணவர் மடியில் வைத்தாள். மூக்கு பெரிதான, கோபக்காரத் தாய்மாமன் ஒருவர் படத்திலிருந்து எங்களைப் பார்த்தார். ஹனஃபி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் சொன்ன பதிலை அவர் பிறகு எனக்குச் சொன்னார்: “உங்கள் ஆட்களிடம் கயிற்றைக் கொடுத்துப் பார்த்தாயிற்று. இனி என் தம்பி பிடிப்பான்.” கறுப்புப் போர்வையைச் சுற்றிக்கொண்டு தனியாகவே தெருவில் இறங்கிப் போனாள்.

தம்பி என்ன சொன்னார் என்று தெரிவதற்குள் நான் விமானம் ஏற வேண்டியதாயிற்று. வழி முழுக்க அந்த ரொட்டித் துண்டுதான் கண்ணில் நின்றது.

ஊருக்கு வந்தால் வீட்டில் அத்தான் உட்கார்ந்திருந்தார். இளைத்து, தாடியோடு, அக்கா வறுத்த சீலா மீனைத் தின்றுகொண்டு. அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துவிட்டு எகிப்து வெற்றியைச் சொன்னேன். அவருக்கு ஒரே பொறாமை.

“எத்தன வருசமா நாங்க தொண்ட வத்தக் கத்துதோம்” என்றார். “இவன் நன்றி சொல்லப் போயி வெலய எறக்கிட்டு வாரான்.”

அவருடைய ஊர்வல ஆட்கள் எல்லோரும் என்னை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஆனால் செய்திகள் வந்தபடி இருந்தன. எகிப்தில் புதுச் சட்டமாம். இனி கூட்டமாகத் தெருவில் இறங்கினால் ஆயுள் முழுக்கக் கடுங்காவல். அதற்கு மக்களிடமே ஓட்டெடுப்பு நடத்தி, ஏறக்குறைய எல்லோரும் ஆமாம் சொல்லிவிட்டார்களாம். ரொட்டியைக் கேட்ட அதே ஜனம் வாய்ப்பூட்டுக்கும் ஆமாம் போட்டது என்றால் யார் நம்புவது? சிரித்தேன். பங்குனியில் எங்கள் தேர்தல் முடிவு வந்தது. வடக்கே ஜனங்கள் ஆட்சியையே கவிழ்த்துவிட, என் மாநிலம் மட்டும் அத்தானை உள்ளே வைத்தவர்களின் அணிக்கே அள்ளிக் கொடுத்தது. அதற்குப் பிறகு எகிப்தைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

சித்திரை வெயிலில் அலெக்சாந்திரியாக் கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வந்தது. அதன் சமையல்காரர் என்னைத் தேடிக் கம்பெனிக்கே வந்து, ஹனஃபி கொடுத்தனுப்பிய டப்பாவை நீட்டினார். சீனிப்பாகு பூசிய பாதாம் பருப்பு. அவர்கள் ஊரில் கல்யாண வீட்டில்தான் அதைக் கொடுப்பார்களாம். யாருக்குக் கல்யாணம் என்றேன்.

கமாலுக்குத்தான். தாய்மாமன் கோர்ட்டு, ஸ்டேஷன், மாஜிஸ்திரேட் வீடு என்று விடாமல் ஏறி இறங்கிப் பையனை வெளியே கொண்டுவந்துவிட்டாராம். அன்றைக்கென்று அந்தப் பருத்த அதிகாரி ஆபீசுக்கு வர முடியாமல் வீட்டுக் கக்கூஸிலேயே கிடந்தாராம். அவருக்குப் பதிலாக இருந்த இளகிய மனசுக்காரர் கையெழுத்துப் போட்டாராம். இதில் பெருமை மாமனுக்கா, தூத்துக்குடி இலைக்கா என்று அலெக்சாந்திரியாவில் இன்னும் பேச்சு நடக்கிறதாம். கமாலைக் காலேஜிலிருந்து நீக்கிவிட்டார்கள். மாமன் ஆபீசிலேயே எழுத்து வேலை. மாமன் மகளையும் கட்டியாயிற்று. அரசாங்கம் விட்டுவிட்டது, மாமன் விடவில்லை. உம்மு கமால் இப்போது தம்ளருக்கு எத்தனை கரண்டி போடுகிறாள் என்று கேட்டேன். சமையல்காரருக்கு அது தெரியவில்லை.

டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அத்தான் ஒரு பருப்பை வாயில் போட்டுக் கடக் கடக்கென்று கடித்தார். அப்புறம், நாளைக்கு ஹார்பர் வாசலில் கூட்டம், போனஸ் பற்றிப் பேசப்போகிறேன் என்றார். நான் எடுத்த பருப்பைத் திரும்ப டப்பாவிலேயே வைத்தேன். அக்கா தடுப்பாள் என்று அடுப்படிப் பக்கம் திரும்பினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரே நின்றாள்.

“ஏலே, நீயும் போ” என்றாள். “அவுங்க பின்னால நில்லு.”

கூட்டம் அப்படியொன்றும் பெரிதில்லை. தள்ளி ஒரு போலீஸ் வேன் நின்றது. அத்தான் அதே மரப்பெட்டிமேல் ஏறினார். அவருடைய அப்பா, அந்தக் கிழவர், முன்வரிசையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பின்னால் போய், அத்தானின் சட்டை நுனியை எடுத்து விரலில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். அத்தான் பேச்சை ஆரம்பிக்குமுன் திரும்பாமலே மெதுவாகச் சொன்னார்:

“இறுக்காத மாப்ள. சட்ட கிழியும்.”

கிழிந்தால் கிழியட்டும் என்று பிடித்துக்கொண்டு நின்றேன்.